தவறணைச் சனநாயகம்

யாழ்ப்பாணத்தில் தேர்தல் நடக்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. தேர்தல் ஆணைக்குழுவுக்கே தெரியாத தேர்தல்கள் அவை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பழைய மாணவர் சங்கம், கோயிலுக்கு ஒரு பரிபாலன சபை, ஒழுங்கைக்கு ஒரு சனசமூக நிலையம், அந்த நிலையத்தாரோடு கோபித்துக்கொண்டு போனவர்கள் எதிர் ஒழுங்கையில் திறந்த இன்னொரு சனசமூக நிலையம், செத்தால் தூக்கிக்கொண்டு போவதற்கு ஒரு மரண உதவிச் சங்கம். எல்லாவற்றுக்கும் யாப்பு உண்டு. யாப்பின் ஒரு உபபிரிவுக்காகப் பத்து வருடம் முகம் பார்க்காத அண்ணன் தம்பிகளும் உண்டு. கோயில் வழக்கு ஒன்று நீதிமன்றப் படி ஏறினால், அது இறங்கி வருவதைப் பார்க்க வழக்குப் போட்டவரின் பேரனுக்குத்தான் கொடுத்துவைத்திருக்கும். ரொறன்ரோவில் முழங்காலளவு பனிக்குள்ளும் கிளைச் சங்கம் திறந்து, பொருளாளர் பதவிக்கு அடிபடுகிறோம். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், ஆட்சேபிக்க ஒன்பது பேர். இப்படிச் சனநாயகத்தில் ஊறிய சனம் உலகத்தில் வேறெங்கே இருக்கிறது?

"தலைவர் அவர்களே, கணக்கறிக்கையில் 340 ரூபாய் இடிக்கிறது" என்று ஞாயிற்றுக்கிழமை எழும்பி முழங்கினாரே ஒரு கனவான், அவரைத் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அவருடைய கடையில் போய்ப் பாருங்கள். பெயர் வேண்டாம். யாழ் நகரில் எந்தப் பக்கம் கையை நீட்டினாலும் அப்படியொரு கடை விரலில் தட்டும். வாசலில் சாம்பிராணி, உள்ளே ஏசி, கல்லாவுக்கு மேலே லட்சுமி, லட்சுமிக்கு மேலே கமெரா. லட்சுமி வாடிக்கையாளரைப் பார்க்கிறாள். கமெரா வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்க்கிறது. நேற்று 340 ரூபாய்க்குக் கணக்குக் கேட்டவரிடம் இன்று அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி தன்னுடைய ஊழியர் சேமலாப நிதிக் கணக்கைக் கேட்கட்டும் பார்ப்போம். சம்பளத்தில் நூற்றுக்கு 8 அவளிடமிருந்து கழிக்க வேண்டும், நூற்றுக்கு 12 முதலாளி போட வேண்டும் என்பது சட்டம். கழிப்பது மறப்பதில்லை. போடுவதற்குத்தான் நல்ல நாள் பார்க்கிறார்கள்.

இந்தக் கனவான்களுக்கு ஒரு மந்திரம் பாடம். வாணி விழா அன்று கடலையும் அவலும் கொடுத்துவிட்டு அதைச் சொல்லுவார்கள்: "எங்கட கடையில முதலாளி, தொழிலாளி எண்ட வித்தியாசம் இல்லை. நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம்." கைதட்டல். கைதட்டாதவர் யார் என்று கமெரா குறித்துக்கொள்ளும். இது வெறும் பொய் என்று நான் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். யாழ்ப்பாணக் குடும்பத்தில் மருமகளிடம் யார் எப்போது வாக்குக் கேட்டார்கள்? எல்லாரும் சாப்பிட்டு முடிய மிஞ்சியதைச் சாப்பிட்டு, மாமி இருக்கும்வரை கதிரையில் குந்தாமல் தூணோடு நின்றவள்தானே அவள். கடைக்காரர் அந்தக் குடும்பத்தைத்தான் சொல்கிறார். முப்பது மருமகள்மாரை மாதச் சம்பளத்துக்கு எடுத்து வைத்திருக்கிறார்.

நிற்பதைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும். புடவைக் கடையிலும் நகைக் கடையிலும் பிள்ளைகள் காலையிலிருந்து இரவு வரை நிற்கிறார்கள். வாடிக்கையாளர் வந்தாலும் நிற்க வேண்டும், வராவிட்டாலும் வருவார் என்று நிற்க வேண்டும். எங்கள் பேச்சில் வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து "இருங்கோ" என்போம். உட்காருவதற்கும் உயிரோடு இருப்பதற்கும் எங்களிடம் ஒரே சொல்தான். அந்தச் சொல்லைக் கடை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு அந்தப் பிள்ளை உள்ளே போகிறாள். மாதாந்தக் கூட்டத்தில் "ஆரும் கருத்துச் சொல்லலாம், பயப்பிடாமல் கதையுங்கோ" என்று முதலாளி சொன்னதை நம்பி, ஒரு கடையில் ஒரு பிள்ளை, சனம் இல்லாத நேரம் குந்த ஒரு ஸ்டூல் கேட்டாளாம். கருத்து வரவேற்கப்பட்டது. அடுத்த மாதத்திலிருந்து அவள் பின்னால் ஸ்ரோரில் பெட்டி உடைத்தாள். அங்கே ஏசியும் இல்லை, கருத்தும் இல்லை.

கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இல் வந்தது. நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 என்று அதில் எழுதியிருக்கிறது. எழுபது வயது தாண்டிவிட்டது அந்தச் சட்டத்துக்கு. கொழும்பிலிருந்து பஸ் பிடித்து யாழ்ப்பாணம் வர இன்னும் காசு சேரவில்லைப் போலும். கடலுக்கு அப்பால் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் போராடி, 2018இல் கேரள அரசை அடிபணிய வைத்து, உட்காரும் உரிமையைச் சட்டமாக வாங்கினார்கள். தமிழ்நாடு 2021இல் அதே சட்டத்தை எழுதியது. எங்கள் கடைக்காரர்கள் சென்னைக்கு மாதம் ஒரு தடவை போய் வருகிறார்கள். தியாகராய நகரிலிருந்து சேலை வருகிறது, சுரிதார் வருகிறது, பாவாடைத் தாவணிகூட வருகிறது. அந்தக் கதிரை மட்டும் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது.

தொழிற்சங்கம் வைக்கலாமே என்று படித்தவர்கள் கேட்கலாம். 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் கையொப்பம் வைத்தால் சங்கம் பதியலாம். ஏழே ஏழு பேர்! யாழ்ப்பாணத்தில் ஏழு பேர் கூடினால் எட்டுச் சங்கம் முளைக்கும். கடைக்குள் எழுபது பேர் நின்றாலும் ஒன்று முளைக்காது. முளைத்தாலும், முதலாளியைக் கட்டாயம் பேச்சுக்கு இருத்துவதற்கு ஊழியரில் நூற்றுக்கு 40 பேர் அதில் அங்கத்தவராக வேண்டும் என்று 1999ஆம் ஆண்டுக் கைத்தொழில் பிணக்குகள் திருத்தச் சட்டம் சொல்கிறது. அதாவது நூறு பேர் வேலை செய்யும் கடையில் நாற்பதாவது ஆள் சேரும்வரை முதல் முப்பத்தொன்பது பேரும் வேலையில் இருக்க வேண்டும். அதுதான் நடக்காத காரியம். மாஸ்டர் கறுப்புப் பட்டி கட்டலாம், டொக்டர் வேலைநிறுத்தம் செய்யலாம், வங்கி உத்தியோகத்தர் கோஷம் போடலாம். ஓய்வூதியம் உள்ளவனுக்கு உரிமையும் உண்டு. சாயந்தரம் அதே மாஸ்டர் புடவைக் கடைக்குப் போய், "என்ன பிள்ளை, சுறுசுறுப்பில்லாமல் நிக்கிறாய்" என்று அதட்டிவிட்டு வருவார்.

சண்டை முடிந்ததும் எங்களுக்குச் சனநாயகம் கற்பிக்க ஒரு படையே வந்து இறங்கியது. ஹோட்டல் மண்டபங்களில் செயலமர்வு. பெரிய தாள்களில் பச்சை மையால் பங்கேற்பு, வெளிப்படைத்தன்மை, பொறுப்புக்கூறல். பதினொரு மணிக்கு ரோல்ஸும் பிளேன்ரீயும், ஒரு மணிக்குக் கோழிப் புரியாணி. அடிமட்டத்திலிருந்து முடிவெடுப்பது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஆறுமாத ஒப்பந்தம். ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அது நீடிக்குமா என்று முடிவெடுக்கிற ஆள் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. பொறுப்புக்கூறல் என்ற சொல்லை அவள் ஒரு நாளைக்கு நாற்பது தடவை உச்சரித்தாள், பாவம்.

இந்த நோய் நேற்று வந்ததில்லை. 1920களின் கடைசியில் டொனமூர் ஆணைக்குழு வந்தபோது, எல்லாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்று மறித்தவர்களில் முன்னுக்கு நின்றவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். சட்டம் கரைத்துக் குடித்தவர், சைவத்துக்குப் பள்ளிக்கூடம் கட்டியவர். பெண்ணுக்கும் சாதி குறைந்தவருக்கும் வாக்கு என்றவுடன் அவருடைய சைவம் முகம் சுளித்தது. 1931இல் சர்வசன வாக்குரிமையோடு முதல் தேர்தல் வந்தது. குடாநாட்டின் நான்கு ஆசனங்களுக்கும் யாரும் நியமனப் பத்திரம் போடவில்லை. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது. அவர்கள் கேட்டது முழுச் சுயராச்சியம். நியாயமான கோபம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1934வரை அந்த நான்கு கதிரைகளும் வெறுமையாய்க் கிடந்தபோது, வாக்கு என்ற ஒன்று முதன்முதலாகக் கைக்கு வந்தும் போட இடமில்லாமல் நின்றவன் யார் என்பதைச் சுயராச்சியக்காரர் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் போக முயன்றபோது வழிமறித்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். முன்னாள் அமைச்சர், ஒக்ஸ்ஃபோர்டில் படித்த கணிதப் பேராசிரியர். ஆளுக்கொரு வாக்கு, ஆளுக்கொரு கும்பிடு என்ற சின்னக் கூட்டல் மட்டும் அந்தப் பெரிய மூளைக்குள் ஏறவில்லை.

கொழும்பு மட்டும் என்ன திறம்? 1979இல் ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அரசாங்கம் ஊழியர் சபைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 32ஆம் இலக்கம். அரச கூட்டுத்தாபனங்களில் ஊழியர் தங்கள் சபையைத் தாங்களே தெரிவு செய்வார்கள், முகாமையாளர் அவர்களோடு இருந்து கலந்தாலோசிப்பார். எங்கள் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் அப்போது அரச கூட்டுத்தாபனம்தான். தொழிற்களத்தில் சனநாயகம் வந்துவிட்டது என்று பத்திரிகைகளும் எழுதியிருக்கும். அடுத்த வருடம் ஜூலையில் ஊழியர்கள் கலந்தாலோசிக்க வந்தார்கள். மாதம் 300 ரூபாய் கூட்டித் தாருங்கள் என்று நாடு முழுக்க வேலைநிறுத்தம். அதே அரசாங்கம் சுமார் 40,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அனுப்பியது என்றும் சொல்லக்கூடாது. அவர்கள் தாங்களாகவே பதவியை விட்டுப் போனதாகக் கருதப்படுவர் என்று அவசரகால ஒழுங்குவிதி எழுதினார்கள். புத்தரும் பட்டினத்தாரும் துறந்ததுபோல் 40,000 குமாஸ்தாக்கள் ஒரே வாரத்தில் துறவு பூண்டார்களாம்.

சரி, கூட்டுறவு இருக்கிறதே என்பீர்கள். உண்டு, அந்தப் பெருமை எங்களுக்கு உண்டு. 1844இல் இங்கிலாந்தின் றொச்டேலில் 28 பேர் காசு சேர்த்துத் தொடங்கிய கடையின் விதை இந்த வறண்ட மண்ணிலும் நன்றாகப் பிடித்தது. மூளாயில் 1930களில் சனம் பங்குக் காசு போட்டு ஆஸ்பத்திரியே கட்டிக்கொண்டது. புகையிலைக்காரரும் மீன்காரரும் சங்கம் வைத்தார்கள். வீரசிங்கம் மண்டபம் என்று நாடகம் பார்க்கவும் அரசியல் கேட்கவும் போகிறோமே, அந்த வீரசிங்கம் கூட்டுறவுக்காரர். மண்டபமும் கூட்டுறவாளரின் மண்டபம். பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. 1970களில் சிறிய சங்கங்களை எல்லாம் பெரிய பலநோக்குச் சங்கங்களுக்குள் அள்ளிப்போட்டு, இயக்குநர் சபையில் பெரும்பான்மையை அரசாங்கமே நியமிக்கத் தொடங்கியது. அன்றைக்கே சங்கக்கடையின் முதுகெலும்பை எடுத்துவிட்டார்கள், தோலைத்தான் இன்றும் பார்க்கிறோம். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் செல்லடிக்குள்ளும் கூப்பன் அரிசி நிறுத்துப் போட்ட சங்கக்கடை மனேச்சர்மாரை நினைக்கிறேன். சங்கம் அங்கத்தவருடையது. தராசு பிடித்தவர்களை முடிவெடுக்கிற மேசைக்குக் கூப்பிட்டவர் எவரும் இல்லை.

அப்படியானால் இந்தக் குடாநாட்டில் வேலை செய்கிறவன் தன் வேலைத்தலத்தின் தலைவரை வாக்குப் போட்டுத் தெரிகிற இடம் ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறது. கனவான்களுக்குச் சொல்லவே கூசுகிற இடத்தில் இருக்கிறது. கள்ளுத் தவறணை.

தவறணைகள் தனியார் கையில் இருந்த காலம் ஒன்று. மரம் ஒருவனுடையது, குத்தகை ஒருவனுடையது, ஏறுகிறவனுக்கு மிச்சம் கழுத்து மட்டும். கள்ளுக்கு என்ன விலை என்று தவறணைக்காரர் சொல்லுவார், எத்தனை போத்தல் அளந்தது என்றும் அவரே சொல்லுவார். இரண்டையும் பெருக்கிச் சீவினவனிடம் கொடுக்கும்போது கணக்கு எப்படியும் கடனில் முடியும். கீழே தேநீர்க் கடையில் அவனுக்குச் சிரட்டை. அதற்கெதிராக அவன் போராடியதும், அடிபட்டதும், சிலர் செத்ததும் 1960களின் கதை. 1970களின் தொடக்கத்தில், என். எம். பெரேரா நிதி அமைச்சராக இருந்த காலத்தில், சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம் என்று வாய் நிறையப் பெயர். தவறணை சங்கத்தின் கைக்கு மாறியது. மரம் ஏறுகிறவன்தான் அங்கத்தவன். அவன்தான் கையுயர்த்தித் தலைவரைத் தெரிகிறான். தலைவரும் பெரும்பாலும் மரம் பிடித்துக் காய்த்த கையோடுதான் வருவார். காலையும் மாலையும் ஏறி, முட்டி இறக்கி, சங்கத்தில் அளந்து கொடுத்துவிட்டு, அளவுக்குக் காசு வாங்குகிறான். சேமிப்புக்கு ஒரு பங்கு பிடிக்கிறார்கள். மரத்தால் விழுந்தால் உதவி என்றும், பிள்ளைகள் படிப்புக்கு என்றும் சங்கம் ஏதோ கொடுக்கிறது. வடமராட்சிச் சங்கங்களுக்குத் திக்கத்தில் வடிசாலை இருந்தது. பொதுக்கூட்டத்தில் ஐம்பது வயது ஆள் எழும்பி, "தலைவர், போன மாதம் உடைஞ்ச போத்தல் எத்தனை எண்டு சொன்னியள், சரி. ஆர் உடைச்சது?" என்று கேட்பான். தலைவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். பதில் சொல்லாவிட்டால் அடுத்த வருடம் தலைவர் வெறும் ஆளாய் மரத்தில் இருப்பார்.

இதை நினைத்துப் பாருங்கள். இராமநாதன் எவனுக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது என்றாரோ அவன், சுந்தரலிங்கம் எவனை வாசலில் மறித்தாரோ அவன், எந்தக் கனவான் வீட்டிலும் விறாந்தைக்கு இந்தப் பக்கம் நிறுத்தப்பட்டவன், அறுபதடி உயரத்துக்கு ஏறி இறங்கி, குளித்து, வேட்டி மாற்றி வந்து, தன் வேலைத்தலத்தைத் தானே ஆளுகிறான். பட்டம் பெற்ற பிள்ளை கடையில் ஸ்டூல் கேட்டு ஸ்ரோருக்குப் போகிறாள். இந்த வெட்கக்கேட்டை எந்த யாப்பில் எழுதுவது? சனநாயகம் பற்றி ஆய்வரங்கு வைக்கிற பெரியவர்களில் எத்தனை பேர் ஒரு சீவல் தொழிலாளர் சங்கத்தின் பொதுக்கூட்டத்தைப் போய்ப் பார்த்திருக்கிறார்கள்? கேட்டால் மூக்கைச் சுருக்குவார்கள். "அது கள்ளுக் கொட்டில் அல்லோ."

கள்ளுக் கொட்டிலைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் கோஷ்டி உண்டு, கட்சிக்காரர் கை நுழைவதுண்டு, நாற்காலியை விட்டு எழும்ப மனமில்லாத தலைவரும் உண்டு. கூட்டுறவு ஆணையாளர் நினைத்தால் சபையைக் கலைத்துத் தன் ஆளைப் போடலாம். கள்ளு நுரைத்தால் கலால்காரர் வருவார், பியர் நுரைத்தால் அனுமதிப்பத்திரம் வரும். மரம் ஏறுகிறவனுடைய மகன் ஏற மாட்டேன் என்கிறான், அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. இறக்கிய கள்ளைத் தலையில் சுமந்த பெண்களுக்கு அந்தச் சபையில் எத்தனை கதிரை கொடுத்தீர்கள் என்று கேட்டால் அங்கேயும் தொண்டையைச் செருமுவார்கள். ஆனாலும் அந்த மனிதர்கள் ஒருவரையொருவர் கணக்குக் கேட்கிறார்கள், பதில் சொல்கிறார்கள். ஐம்பது வருடமாக, சண்டைக்குள்ளும், பனைகளைப் பங்கருக்குத் தறித்த காலத்திலும், அதை விடாமல் வைத்திருக்கிறார்கள். ஏசிக் கடைக்காரர் ஒருவரும் அதில் நூறில் ஒரு பங்கைச் செய்து பார்த்ததில்லை.

கனவான்கள் தவறணைக்கு வருவதில்லை என்று நினைக்க வேண்டாம். வருவார்கள், ஆள் அனுப்பி வருவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், தவறணை ஒன்றின் வேலி ஓரம் நான் நின்றிருந்தேன். ஏன் நின்றேன் என்று ஆராய வேண்டாம். நகரத்துக் கடையொன்றின் பெயர் முதுகில் அடித்த ரீசேர்ட்டோடு ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளில் வந்தான். ஞாயிறும் வேலை. முதலாளி வீட்டில் விருந்தாம், பழைய மாணவர் சங்கத் தெரிவில் முதலாளி வென்றுவிட்டாராம். பனங்கள்ளு ஆறு போத்தல், நல்லது பார்த்து.

சங்கத்துக் கணக்குக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "இப்பதான் இறக்கப் போயிருக்கினம், மோனை. கொஞ்சம் செல்லும். இரு."

பொடியன் விளங்காதவன்போல் நின்றான்.

"இரு மோனை, வாங்கு கிடக்குது." மரம் ஏறிக் களைத்த ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். பொடியன் குந்தினான். முதுகைப் பனை ஓலைத் தட்டியில் சாய்த்து, காலை நீட்டி, கண்ணையும் ஒருக்கால் மூடினான். இரண்டு நிமிடம் இருக்காது, சட்டைப் பையில் போன் அடித்தது. எங்கள் ஊரில் ஒருவன் எங்கே என்று கேட்பதற்கு என்ன சொல் என்று உங்களுக்குத் தெரியும்தானே. போனுக்குள்ளிருந்து அது எனக்கும் கேட்டது.

"டேய், எங்க நிக்கிறாய்?"

பொடியன் வாங்கை விட்டுத் துள்ளி எழும்பினான்.

"இஞ்சதான் நிக்கிறன், முதலாளி."